சனிக்கிழமைத் தோல்விகள்

சின்ன காஞ்சிபுரம்
16-2-2002

அன்புள்ள கமலவேணிக்கு,

இல்லை, அந்தக் கேள்வியைக் கேட்டது நானில்லை. அங்கம்மாள். ஏழாம் வகுப்பு, ஜன்னலோரம், மூன்றாவது பெஞ்சு. நானே யோசித்து ஒரு மாணவியின் தலையில் கட்டிவிட்டேனா என்று கேட்டிருக்கிறாய். அவ்வளவு கெட்டிக்காரி இல்லை நான்.

நடந்தது இதுதான். சதுரம், செவ்வகம், முக்கோணம் எல்லாவற்றுக்கும் பரப்பளவு போட்டு முடித்திருந்தேன். பலகை நிறையச் சூத்திரங்கள். திருப்தியாகக் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினேன். அப்போதுதான் அவள்:

"மிஸ், எங்கூரு ஏரிக்கு எத்தினி பக்கம்?"

வகுப்பு சிரித்தது. "ஏரிக்கு ஏதும்மா பக்கம்" என்றேன்.

"பக்கமே இல்லன்னா அத்த எப்படி மிஸ் அளப்பாங்க? சும்மா பாத்துக்கினு இருப்பாங்களா?"

தென்னேரி ஏரி எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிறது. மூன்று வருஷமாக அதன் கரையில்தான் நடந்து போகிறேன். எம்.எஸ்சி. கணிதம் படித்தவள். அதை ஒரு வடிவமாக ஒருநாளும் பார்த்ததில்லை.

நம் கணக்கு ஆசிரியர்களின் மின்னஞ்சல் குழுவைத் தொடங்கிய ஓசூர் காசிநாதன் சொன்னபடி, பரப்பளவு தெரிய ஏரியின் படத்தை அட்டையில் வெட்டி எடை போட்டோம். தராசு அசையவே இல்லை. இந்தச் சனிக்கிழமை அதைத்தான் எழுதினேன்.

உன் தொண்டை எப்படி இருக்கிறது? எனக்குக் கட்டியபடியே இருக்கிறது. நாற்பத்திரண்டு பிள்ளைகள். பக்கத்து வகுப்புக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே ஒரு தட்டி.

குழுவுக்கு எழுதுவது அங்கே இருக்கட்டும். நம் பேச்சைக் காகிதத்திலேயே வைத்துக்கொள்வோம். பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும்போது உன்னோடு பேசுவதுபோல இல்லை. தந்தி கொடுப்பதுபோல இருக்கிறது.

அன்புடன்,
தாரா


வால்பாறை
1-3-2002

அன்புள்ள தாரா,

உலகத்தில் எல்லோரும் சுகமா என்று கேட்டுக் கடிதம் தொடங்குகிறார்கள். நீயும் நானும் தொண்டையில் தொடங்குகிறோம். என் தொண்டை உயிரோடு இருக்கிறது. மிளகும் தேனும் சாப்பிடு. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி. பேசாமல் இரு என்று சொல்லமாட்டேன், அது நம்மால் முடியாது.

உன் அங்கம்மாளின் கேள்வியை என் வகுப்புக்குக் கொண்டுபோனேன். முப்பத்தொரு பேர், எல்லாம் எஸ்டேட் பிள்ளைகள். ஏரிக்குப் பதில் தேயிலை. இலையைக் கட்டத் தாளில் வைத்து ஓரம் வரைந்து உள்ளே இருக்கும் கட்டங்களை எண்ணச் சொன்னேன். முழுக் கட்டம் வரைக்கும் சமாதானம். அரைக் கட்டம் வந்ததும் சண்டை. "டீச்சர், இவன் காலைக்கூட அரைன்னு எழுதுறான்!" "நீ மட்டும் என்ன, இல்லாததையே எழுதுறே!" மணி அடித்துவிட்டது. விடை வரவில்லை. ஒருத்தி அழுதாள்.

போன சனிக்கிழமை நாற்பது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் பொள்ளாச்சிக்குப் போய் இதைக் குழுவில் எழுதினேன். காசிநாதன் பதில் போட்டார், 'அருமையான தோல்வி' என்று. அந்த மனிதருக்குப் பாராட்டத் தெரிந்தது அந்த இரண்டு வார்த்தைதான். ஆனாலும் அவர் வைத்த விதிகள் எனக்குப் பிடித்திருக்கின்றன. வகுப்பில் நின்றவர் மட்டும் எழுத வேண்டும். நடந்ததை மட்டும் எழுத வேண்டும். சனிக்கிழமைதோறும் அந்த வாரம் தோற்றுப்போன பாடம் ஒன்று. எங்கள் ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் ஜெயித்தவர்கள், தாரா. தோற்றதைச் சொல்ல எனக்கு வேறு இடம் இல்லை.

அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

உன்,
கமலவேணி


சின்ன காஞ்சிபுரம்
20-4-2002

அன்புள்ள கமலா,

அம்மா மாடி ஏற ஆரம்பித்துவிட்டாள். கொப்பளித்தேன், தொண்டையும் திறந்துவிட்டது. வகுப்பு முடிந்துவிட்டதால் இருக்கலாம்.

கடைசி நாள். பெஞ்சுகளை ஓரத்தில் அடுக்கினார்கள். பலகையைத் துடைக்கவேண்டாம் என்றேன். அங்கம்மாள் துடைத்துவிட்டாள். "ஜூன்ல வேற எழுதுவீங்க இல்ல மிஸ்?"

எழுதுவேனா தெரியாது. என் வேலை பெற்றோர் ஆசிரியர் கழகம் போட்டது. நிரந்தரமாக ஒருவர் மாற்றலாகி வந்தால் நான் இல்லை. ஒவ்வொரு ஜூனிலும் இந்தப் பயம். மூன்று வருஷமாக யாரும் வரவில்லை.

போன வருஷம் இதே ஏப்ரல். குழுவில் ஏழே பேர். பூஜ்யத்தால் ஏன் வகுக்கக் கூடாது என்று நான் கேட்டதற்கு நீ, 'எனக்கும் தெரியாது, என் வகுப்பில் கேட்டுச் சொல்கிறேன்' என்று எழுதினாய். படித்தவர்கள் 'தெரியாது' என்று எழுதி அதுவரை நான் பார்த்ததில்லை. பிரௌசிங் சென்டரிலிருந்து வெளியே வந்தேன். காந்தி ரோட்டில் வெயில். ஏனோ சிரித்துக்கொண்டே வீடுவரை நடந்தேன்.

உன் முகம் எனக்குத் தெரியாது. தேவையாகவும் இல்லை.

ஜூனில் எழுதுகிறேன்.

தாரா


10-6-2002
(அனுப்பாதது)

கமலா,

இன்று வெங்கடேசன் சார் வந்து சேர்ந்தார். கணக்கு. நிரந்தரம். நல்ல மனிதர். என் நாற்காலியில் உட்காரத் தயங்கினார். தலைமையாசிரியர் எனக்குக் காபி வரவழைத்தார். வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேராகக் கோடு.

வகுப்புக்குள் போகவில்லை. பஸ் நிறுத்தத்தில் அங்கம்மாள் நின்றிருந்தாள்.

"வீட்டுக்கா மிஸ்? இப்பவேவா?"

"ஆமாம்."

"நாளைக்கு வருவீங்க இல்ல?"

"வரேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உன்னிடம் கேட்கத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். ஆனால் வகுப்பில் நின்றவர் மட்டும்தான் எழுத வேண்டும். இதை அனுப்பினால் அப்புறம் எந்தச் சனிக்கிழமையும் எனக்கு இல்லை. நீயும்


சின்ன காஞ்சிபுரம்
13-7-2002

அன்புள்ள கமலா,

தாமதத்துக்கு வருத்தம். வேலை. இங்கே எல்லோரும் நலம். என் தொண்டை நன்றாக இருக்கிறது. உன்னுடையது?

வகுப்பு நன்றாகப் போகிறது. எட்டாம் வகுப்பு, அதே பிள்ளைகள். சமச்சீர் நடத்தினேன். ஆளுக்கு ஒரு பெரிய கட்டத் தாள். புடவை பார்டரில் வரும் மயிலைப் பாதி வரைந்து கொடுத்தேன். மறுபாதியைக் கட்டம் எண்ணி அவர்கள் வரைந்தார்கள். நாற்பத்திரண்டு மயில்கள். ஒன்றுகூடக் கோணவில்லை. எல்லோருக்கும் புரிந்தது.

மதியச் சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னால் தட்டுகள் உரசும் சத்தம் வரும். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் எல்லோர் காதும் அங்கேதான் இருக்கும். அந்த ஒரு நிமிஷம்.

அங்கம்மாள் கேட்டாள்: 'மயில், கொடி, மயில், கொடி என்று பார்டர் போய்க்கொண்டே இருக்கிறது. இங்கே நின்றுவிடு என்று அதற்கு யார் சொல்வது?'

அன்புடன்,
தாரா


வால்பாறை
29-7-2002

அன்புள்ள தாரா,

இங்கே மழை. துணி காய்ந்து பத்து நாளாகிறது. செருப்புக்குள் அட்டைப்பூச்சி. தொண்டை போயே போய்விட்டது, பிள்ளைகளிடம் சைகையில் பேசுகிறேன். உனக்குச் சரியானதில் சந்தோஷம்.

உன் மயில் பாடத்தை நடத்திப் பார்த்தேன். படுதோல்வி. பாதி மயில் என் கை. மறுபாதி அவர்கள் கை.

"டீச்சர், இது மயிலா கோழியா?"

"பாதி மயிலு, பாதி கோழி. நடுவுல டீச்சரு."

நாற்பத்திரண்டும் கோணாமல் எப்படி வந்தது? கேட்டவற்றுக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் எழுது. அப்புறம், அவ்வளவு பெரிய கட்டத் தாள் நாற்பத்திரண்டு பேருக்கு உனக்கு எங்கே கிடைத்தது? நான் இங்கே பழைய தினசரியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொடுத்தேன்.

அங்கம்மாளின் கேள்வியை மட்டும் பலகையில் எழுதி வைத்திருக்கிறேன். யாரும் அழிக்க விடமாட்டேன் என்கிறார்கள்.

உன்,
கமலவேணி


சின்ன காஞ்சிபுரம்
24-8-2002

அன்புள்ள கமலா,

சுக்குக் கஷாயம் குடி. மழை விட்டதா?

கட்டத் தாள் இங்கே ஒரு கடையில் கிடைத்தது.

வகுப்பு நன்றாகப் போகிறது. அங்கம்மாள் உன் பிள்ளைகளை விசாரித்தாள்.

ஏரியில் நடுவில் மட்டும் தண்ணீர் இருக்கும் இந்த மாதத்தில். கொக்குகள் வரும். ஜன்னல் வழியாக ஒரு பாடம் முழுக்க அவற்றை எண்ணியிருக்கிறோம், அவளும் நானும். எண்ணி முடிக்கும்போது ஒன்று பறந்துவிடும்.

தாரா


வால்பாறை
14-9-2002

அன்புள்ள தாரா,

மழை விட்டது. தொண்டை திரும்பிவிட்டது. இந்தப் பொட்டலத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. உள்ளே முப்பத்தொரு கடிதங்கள், எல்லாம் அங்கம்மாளுக்கு. பார்டர் எங்கே நிற்கும் என்பதற்கு ஆளாளுக்கு ஒரு பதில். நான் திருத்தவில்லை. ஒருவன் அட்டைப்பூச்சியையும் வரைந்திருக்கிறான், அவள் பார்த்திருக்கமாட்டாளாம்.

அவளைப் பதில் எழுதச் சொல். அவள் கையெழுத்தில். இவர்கள் தினமும் தபால்காரரைப் பிடித்து நிறுத்துகிறார்கள்.

இன்னொன்று. நவம்பர் பதின்மூன்றிலிருந்து மூன்று நாள் எனக்குச் சென்னையில் பயிற்சி. பதினாறாம் தேதி சனிக்கிழமை, உனக்குப் பள்ளி இருக்காது. அதனால் பயிற்சியின் கடைசி நாள் மதியமே கிளம்பித் தென்னேரிக்கு வந்து உன் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரப் போகிறேன். ஒரே ஒரு பாடம். நீ தோற்பதை நேரில் பார்க்க வேண்டும். நானும் அங்கம்மாளும் சேர்ந்து சிரிக்க வேண்டும்.

வரலாம்தானே? அம்மாவுக்கு என் வணக்கம்.

உன்,
கமலவேணி


வால்பாறை
30-10-2002

அன்புள்ள தாரா,

ஒன்றரை மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. ஆனால் குழுவில் சனிக்கிழமை தவறாமல் எழுதுகிறாய். உடம்பு சரியாகத்தான் இருக்கிறது என்று அதை வைத்துத் தெரிந்துகொள்கிறேன்.

பிள்ளைகள் தபால்காரரைக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

தீபாவளி வாழ்த்துகள்.

கமலவேணி


வால்பாறை
18-11-2002

அன்புள்ள தாரா,

நலமாக ஊர் வந்து சேர்ந்தேன்.

வெள்ளிக்கிழமை வாலாஜாபாத்தில் இறங்கினேன். தென்னேரிக்குப் பஸ் நின்றிருந்தது. "ஏறும்மா, எடத்தப் புடி" என்றார் கண்டக்டர். ஏறவில்லை. எதிரே ஒரு டீ குடித்தேன். தேயிலைக்கு நடுவில் வாழ்கிறவள் அதை டீ என்று எழுதக் கூடாது. பஸ் போன பிறகு இன்னொரு பஸ் வந்தது. அதிலும் ஏறவில்லை. உன் வீட்டு விலாசமும் பையில் இருந்தது. பதில் வராத வீட்டின் கதவைத் தட்ட மனம் வரவில்லை.

தாரா, ஜூனிலிருந்து உன் தொண்டை சரியாகிவிட்டது. ஒன்றரை வருஷமாக உன் தொண்டையை விசாரிக்கிறவள் நான். அது ஒரு மாதம்கூடச் சும்மா இருந்ததில்லை. அதே ஜூனிலிருந்து உன் பாடங்களும் தோற்பதில்லை. எல்லோருக்கும் புரிகிறது. எந்த வகுப்பில் எல்லோருக்கும் புரிந்திருக்கிறது? அங்கம்மாள்கூட மாறிவிட்டாள். 'எத்தினி பக்கம்' என்று கேட்ட பெண் இப்போது உன்னைப் போலவே பேசுகிறாள்.

செப்டம்பரிலேயே சந்தேகம் வந்துவிட்டது. என்ன நடந்தது என்று தெரியாது. கேட்கவும் இல்லை. வருகிறேன் என்று எழுதினால் நீயாகச் சொல்வாய் என்று நினைத்தேன். அது சரியான வழி இல்லை. பரீட்சை வைத்தது போல ஆகிவிட்டது. மன்னித்துவிடு.

எனக்கு வகுப்பைக் காட்ட வேண்டாம். ஒரே ஒரு சனிக்கிழமை ஒரு தோல்வி எழுது. நடந்தது. போதும்.

பலகையில் அந்தக் கேள்வி இன்னும் இருக்கிறது. அதை அழிக்கவா வேண்டாமா என்று மட்டும் சொல். முப்பத்தொரு பேருக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

உன்,
கமலவேணி


குழுவுக்கு, 30-11-2002, சனிக்கிழமை

தென்னேரி தாரா எழுதுகிறேன். ஜூன் பத்தாம் தேதியிலிருந்து எனக்கு வகுப்பு இல்லை. வேலை போய்விட்டது. ஒரு பட்டுக் கடையில், புடவை பார்டருக்கு டிசைன் வரையும் பிரிவில் கட்டத் தாளில் கட்டம் நிரப்புகிறேன். அதற்குப் பிறகு நான் எழுதிய இருபத்துமூன்று பாடங்களும் நடக்கவில்லை. மாணவி அங்கம்மாள் உண்மை. ஜூனுக்குப் பிறகு அவள் கேட்டதாக எழுதியவை எல்லாம் என் கேள்விகள். நடத்திப் பார்த்து நேரத்தை இழந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இந்த வாரத் தோல்வி இது.


சின்ன காஞ்சிபுரம்
7-12-2002

அன்புள்ள கமலா,

அந்தப் பார்டர் கேள்வி என்னுடையதுதான். அங்கம்மாள் கேட்டதில்லை. ஜூனில் எழுதி அனுப்பாத கடிதம் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். பாதியில் நின்றிருக்கும். நீ வகுப்பை அல்ல, என்னைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தாய். அது எனக்கு அப்போது தெரியவில்லை.

அம்மாவுக்கு எல்லாம் தெரியும். வெள்ளிக்கிழமை தவறாமல் மறுநாள் குழுவில் போட வேண்டியதை நான் எழுத உட்காரும்போது கேட்பாள்: "ஆத்துல ஒக்காந்துண்டு யாருக்குடி பாடம் நடத்திண்டிருக்கே?" உனக்குத்தான் என்று அவளிடம் சொன்னதில்லை.

காசிநாதன் பதில் போட்டிருக்கிறார். அதே இரண்டு வார்த்தை. ஓரிருவர் கோபமாக எழுதியிருக்கிறார்கள். நியாயம்தான். பட்டியலில் என் பெயரை யாரும் எடுக்கவில்லை.

புதன்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் தென்னேரிக்குப் போனேன். முப்பத்தொரு கடிதங்களும் பையில். வெங்கடேசன் சார் வாசலிலேயே பார்த்துவிட்டார்.

"வாங்க மேடம், வாங்க. உங்களாலதான் இங்க என் மானம் போவுது. ஒரு கணக்கு போட முடியல, 'தாரா மிஸ் இப்பிடிப் போட மாட்டாங்க'ன்னு ஆரமிச்சிடறாங்க. கடைசி பீரியடு எட்டாவதுதான். நீங்களே போங்க, நான் ஒரு டீ குடிச்சிட்டு வரேன்."

அங்கம்மாள் வளர்ந்திருக்கிறாள். நான்காவது பெஞ்சுக்குப் போய்விட்டாள். எல்லோரும் எழுந்து கத்தினார்கள். அவள் எழவில்லை.

"நாளைக்கு வரேன்னு சொல்லிக்கினு போனீங்க."

"ஆமாம்."

"ஆறு மாசமா மிஸ் நாளைக்கு?"

பொட்டலத்தை அவள் முன்னால் வைத்தேன். எல்லாம் உனக்கு வந்தவை என்றேன். மேலே இருந்ததைப் பிரித்துச் சத்தமாகப் படித்தாள். 'அன்புள்ள அங்கம்மாள் அக்கா, பார்டர் எங்கே நிற்கும் என்று கேட்டீர்களே. மலை முடியும் இடத்தில் தேயிலை நிற்கும். அதுபோல நிற்கும்.' நிமிர்ந்து பார்த்தாள்.

"இத நான் கேக்கவே இல்லியே."

"இல்ல. நான்தான் கேட்டேன். உன் பேர்ல எழுதிட்டேன்."

அவள் கடிதத்தைப் பழையபடி மடித்தாள்.

"கேட்டதுதான் கேட்டீங்க, என் பேர்ல நல்லதா ஒண்ணு கேக்கக் கூடாதா? எங்கப்பா தறியில குந்திக்கினுதான இருக்காரு. பாவு நூலு முடிஞ்சா பொடவ முடியும், பொடவ முடிஞ்சா பார்டரு முடியும். இதெல்லாம் ஒரு கேள்வியா மிஸ்?"

கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஐந்து மாதமாக அதை ஆழமான கேள்வி என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கமலா.

அப்புறம் எல்லோரையும் ஏரிக்கரைக்கு அழைத்துப் போனேன். அவளுடைய பழைய கேள்வி பாக்கி இருந்தது. கரையைக் காலடியால் அளந்து, திரும்புகிற இடமெல்லாம் ஒரு மூலை என்று வைத்துக்கொண்டு வரைவது என் திட்டம். ஆளுக்கு ஒரு காலடி நீளம் என்பதை யோசிக்கவில்லை. மழைத் தண்ணீர் ஏறியிருந்ததையும் யோசிக்கவில்லை. இரண்டு பேர் சேற்றில் விழுந்தார்கள். மூன்று பேர் ஏரிக்குப் பன்னிரண்டு மூலை என்றார்கள், மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. காற்றில் நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. பாதிக் கரைகூட முடியவில்லை, மணி அடித்துவிட்டது.

அங்கம்மாள் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தாள். கடிதக் கட்டு கையில்.

"நாளைக்கு வருவீங்களா?"

"இல்ல. நாளைக்கு வரமாட்டேன். மறுபடி எப்ப வருவேன்னும் தெரியல."

"ம். இப்பிடிச் சொல்லிட்டுப் போங்க." கட்டை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். "இவங்களுக்கு நான் எழுதறேன். ஆனா அந்தக் கேள்வி என்து இல்லன்னு மொதல்லியே எழுதிடுவேன்."

ஆகவே பலகையில் இருப்பதை அழித்துவிடலாம். அவள் கடிதம் தனியாக வரும். இந்த வாரத் தோல்வியைக் குழுவில் இன்று போடுகிறேன். விதிப்படி நாற்பது நிமிஷம் வகுப்பில் நின்றிருக்கிறேன்.

வாலாஜாபாத்தில் அந்த டீக்கடை எது என்று எழுது. உன் மழையும் பிள்ளைகளும் நலம்தானே? புதன்கிழமையிலிருந்து எனக்குக் குரலே இல்லை. சொல்ல வருவதைச் சிலேட்டில் எழுதிக் காட்டச் சொல்லி அம்மா சிரிக்கிறாள்.

உன்,
தாரா

பி.கு.: கையெழுத்துப் போட்டதும் இதை அப்படியே மேசையில் வைத்துவிட்டு எழுந்துபோய், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தேன்.